லேப் ரிப்பேர்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: சார், எங்க காலேஜ்ல ஒரு பழைய எச்பிஎல்சி (திரவத்தை அழுத்தித் தள்ளி கலவையைப் பிரிச்சுக் காட்டற மெஷின்) இருக்கு. பம்ப் பிரஷர் 1500 பிஎஸ்ஐல இருந்து 1900க்கு எகிறுது, உடனே இறங்குது, மறுபடி எகிறுது. வாரண்டி எப்பவோ முடிஞ்சுபோச்சு, சர்வீஸ் ஆளைக் கூப்பிட எங்க டிபார்ட்மென்ட்ல காசு இல்ல. நானே கழட்டிப் பார்க்கலாமா?
(லேப் அசிஸ்டென்ட், விருதுநகர்)

பதில்: பார்க்கலாம் தம்பி, ஆனா ஸ்பானரை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. கலவையைப் பிரிக்கற காலம் (column) குழாயைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு யூனியனை, அதாவது ரெண்டு ட்யூபை இணைக்கற ஜாயின்ட்டைப் போட்டு ஓட்டுங்க, அப்புறம் திரவ பாட்டிலை பம்புக்கு மேல வச்சுட்டு பம்புக்குள்ள போற ட்யூபை மட்டும் உருவிப் பாருங்க. தண்ணி தானா சரசரன்னு வடியணும். சொட்டு சொட்டா வந்தா பம்ப் மேல தப்பே இல்ல, பாட்டிலுக்குள்ள கிடக்கற ஃபில்டர்தான் அடைச்சிருக்கு. அதை மாத்துனா முடிஞ்சுது கதை.

நல்லா வடியுதுன்னா பர்ஜ் வால்வைத் (காத்தை வெளியேத்தற வால்வு) திறந்து காத்தை வெளிய தள்ளுங்க. அதுக்கப்புறமும் பிஸ்டன் அடிக்கற தாளத்துக்கே பிரஷரும் ஆடுதுன்னா எனக்கு செக் வால்வ் (திரவத்தை ஒரே திசையில மட்டும் விடற வால்வு) மேலதான் சந்தேகம். உள்ள ஒரு சின்ன ரூபி குண்டு சஃபையர் சீட்ல உக்காரணும், அசிட்டோநைட்ரைல்ங்கற கரைப்பானை ஓட்டற லேப்ல அந்தக் குண்டு மேல பிசுக்கு படிஞ்சு ஒட்டிக்கும். பாஸ்பேட் பஃபர் (உப்புக் கரைசல்) ஓட்டிட்டு கழுவாமயே வீட்டுக்குப் போயிட்டீங்கன்னா உப்பு வேற படியும். (பம்பைத் திட்டறவங்க பாதிப் பேரு திட்ட வேண்டியது நேத்து சாயங்காலம் கழுவாம போன ஆளைத்தான்.)

முதல்ல வெறும் தண்ணி ஓட்டுங்க, அப்புறம்தான் ஐசோப்ரொபனால் (ஒரு வகை ஆல்கஹால்). வரிசையை மாத்தி, பஃபர் இருக்கும்போதே ஐசோப்ரொபனாலை விட்டா உப்பு உள்ளயே கல்லாயிடும். ஐசோப்ரொபனால் கெட்டியான திரவம், அதனால ஃப்ளோவைக் குறைச்சு நிமிஷத்துக்கு அரை மில்லிக்குள்ள வைங்க. சரியாகலன்னா வால்வைக் கழட்டி, இன்லெட் எது அவுட்லெட் எதுன்னு மார்க்கரால எழுதிட்டு, பீக்கர்ல நிமிர்த்தி வச்சு ஐசோப்ரொபனால் ஊத்தி ஒரு பத்து பதினைஞ்சு நிமிஷம் சோனிகேட்டர்ல (ஒலி அதிர்வால கழுவற தொட்டி) போடுங்க. கவுக்காதீங்க, சில மாடல்ல குண்டும் சீட்டும் கீழ விழுந்துரும், அப்புறம் தரையில தவழ்ந்து தேடணும். மாட்டும்போது அம்புக்குறி மேல் பக்கம் பார்க்கணும்.

பம்ப் ஹெட்டுக்குப் பின்னாடி ஈரமோ வெள்ளைப் பொடியோ தெரிஞ்சா பிஸ்டன் சீல் போச்சு. சீல் சின்ன சாமான், அதையும் நீங்களே மாத்தலாம், ஸ்பிரிங் தெரியற பக்கம் திரவம் இருக்கற பக்கமா இருக்கணும், அவ்ளோதான். ஆனா ஹெட்டை ஒரு பக்கமா சாய்ச்சு இழுக்காதீங்க, ரெண்டு ஸ்க்ரூவையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி நேரா உருவுங்க. சஃபையர் பிஸ்டன் சுலபமா கீறல் விழாது ஆனா உடையும், அவசரத்துல நானே ஒண்ணை உடைச்சுட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல.

எல்லாம் மாட்டினதும் நிமிஷத்துக்கு 1 மில்லி ஃப்ளோ வச்சு 10 மில்லி ஸ்டாண்டர்ட் ஃப்ளாஸ்க்ல பிடிங்க. சரியா பத்து நிமிஷத்துல கோட்டைத் தொடணும்.

கேள்வி: எச்பிஎல்சியோட யூவி (புற ஊதா ஒளி) டிடெக்டர்ல பேஸ்லைன், அதாவது நேரா ஓட வேண்டிய அடிக்கோடு, ஒரே இரைச்சல். லேம்ப் வாங்கிடலாமா?
(ஆராய்ச்சி மாணவி, திருச்சி)

பதில்: பொறும்மா, லேம்ப் விலை தெரியும்ல? ஃப்ளோவை நிறுத்திட்டுப் பாருங்க. இரைச்சல் அடங்குச்சுன்னா டிடெக்டர்ல திரவம் ஓடற செல்லுக்குள்ள காத்துக்குமிழி, இல்ல பம்ப் கோளாறு. நிறுத்தியும் இரைஞ்சா, டியூட்டீரியம் லேம்பும் 2000 மணி நேரத்தைத் தாண்டியிருந்தா, வாங்குங்க. மாத்தும்போது கரன்ட்டை ஆஃப் பண்ணி ஆறவிடுங்க, எரியற லேம்பை வெறுங்கண்ணால பார்க்காதீங்க, கண்ணாடியில விரல் படவே கூடாது. பட்டுட்டா ஐசோப்ரொபனால்ல துடைச்சுடுங்க.

கேள்வி: ஜிசியில (கேஸ் குரோமட்டோகிராஃப், ஆவியாக்கிப் பிரிக்கற மெஷின்) இருக்கற இசிடி (எலக்ட்ரான் கேப்சர்) டிடெக்டரைப் பிரிச்சு சுத்தம் பண்ணலாமா?
(பெயர் வேண்டாம், கோவை)

பதில்: கூடாது. உள்ள இருக்கறது நிக்கல்-63, கதிரியக்கம். ஊசி குத்தற ரப்பர் செப்டம், அதுக்குக் கீழ இருக்கற கண்ணாடிக் குழாய் லைனர் ரெண்டையும் மாத்துங்க, கேஸை சுத்தம் பண்ற ட்ராப்பைப் பாருங்க, கம்பெனி கையேட்டுல சொன்ன சூட்டுல வச்சு பேக் அவுட் (சூடாக்கி அழுக்கை ஓட்டறது) பண்ணுங்க, அதுக்கும் அடங்கலன்னா லைசென்ஸ் உள்ளவங்ககிட்ட விடுங்க. பேரு வேண்டாம்னு எழுதினப்பவே எனக்கு லேசா டவுட்டு, ஏற்கனவே திறந்துட்டீங்களோ?