2020-ல் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1650 கேமிங் லேப்டாப்பை இப்போது மாற்றிவிடலாமா?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்: ஐ5-9300ஹெச் பிராசஸர், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் சிப், ஒற்றை 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். வேலோரன்ட் முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்கித் திணறுகிறது. புதிய கேம்கள் சில திறக்கவே மறுக்கின்றன.

இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். பத்து நிமிடம் கழித்துத் திணறுவது பெரும்பாலும் சூட்டினால். அதைச் சரிசெய்துவிடலாம். கேம் திறக்கவே மறுப்பது கிராபிக்ஸ் சிப்பின் எல்லை. அதற்கு மருந்து இல்லை. லேப்டாப்பை மாற்றும் முடிவை இரண்டாவதை வைத்துத்தான் எடுக்க வேண்டும். வயதை வைத்தோ, சூட்டை வைத்தோ எடுத்தால் நல்ல லேப்டாப்பைப் பாதி ஆயுளில் கழித்துக்கட்டுவோம்.

முதலில் ஒரு சோதனை. சார்ஜரைச் செருகி, பெர்ஃபார்மன்ஸ் மோடில் வைத்து, வழக்கமாக விளையாடும் கேமை 30 நிமிடம் ஓட்டுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் மூலம் திரையின் ஓரத்தில் பிராசஸர் சூடு, கிளாக் (அதன் வேகம்), கிராபிக்ஸ் சூடு, கிளாக், பயன்பாட்டு சதவீதம், வீடியோ மெமரி, ரேம் ஆகியவை தெரியும்படி வையுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு முறை, முப்பதாவது நிமிடத்தில் ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நன்றாக இருந்து, பிராசஸர் 95 டிகிரியைத் தாண்டியதும் கிளாக் சரிந்தால் சூடுதான் காரணம். முதல் நிமிடத்திலிருந்தே கிராபிக்ஸ் 98, 99 சதவீதத்தில் நின்று ஃபிரேம் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) குறைவாகவே வந்தால் சிப்பின் பலம் அவ்வளவுதான். கிராபிக்ஸ் 60 சதவீதம் மட்டும் ஓடி, ரேம் 7.5 ஜிபியைத் தொட்டு, அவ்வப்போது ஒரு நொடி உறைந்து மீண்டால் ரேமையும் டிஸ்க்கையும் பாருங்கள்.

இன்னொரு நிலையும் உண்டு. பிராசஸர் கிளாக் சூடே இல்லாமல் 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். சார்ஜரை லேப்டாப் அடையாளம் காணாதபோதும், வாட் போதாத டூப்ளிகேட் சார்ஜரைச் செருகும்போதும் இது வரும். சார்ஜர் மாற்றினால் தீர்ந்துவிடும். இதை மதர்போர்டு கோளாறு என்று நினைத்து லேப்டாப்பையே மாற்றிவிடாதீர்கள்.

சூட்டுக்கு வருவோம். அடி மூடியைக் கழற்றினால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும், ஏமாந்துவிட வேண்டாம். ஃபேன் காற்றைத் தள்ளும் இடத்தில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கும். அந்த வாயிலில், ஃபேனின் உட்பக்கம், தூசியும் முடியும் சேர்ந்து கம்பளித் துணிபோல ஒரு திரை படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வரும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் அந்தத் திரை உள்ளே நகர்ந்து, பிறகு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். புளோயர் அடிப்பதானால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

பிறகு தெர்மல் பேஸ்ட், அதாவது சிப்பின் சூட்டை ஹீட்சிங்க் என்ற உலோகப் பாகத்துக்குக் கடத்தும் பசை. வேலையைத் தொடங்குமுன் பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது கட்டாயம். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் அச்சிட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது சிறிய எண்ணிலிருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சிப்பின் மூலை உடையலாம். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, சிப் முழுவதும் மூடும்படி மெல்லியதாகப் புதுப் பேஸ்ட்டைத் தடவுங்கள். லேப்டாப் சிப்புக்கு மேல் மூடி கிடையாது, அதனால் நடுவில் ஒரு சொட்டு வைத்து அமுக்கும் டெஸ்க்டாப் முறையில் மூலைகள் காய்ந்து நிற்கும். தண்ணீர்போல் ஓடும் பேஸ்ட் சில மாதங்களில் ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். கெட்டியானதையோ, ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற ஷீட்டையோ பயன்படுத்துங்கள். மெமரி சிப்கள் மேலுள்ள தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டு) கிழிந்தால் அதே தடிமனில் வாங்குங்கள். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாமல் நிற்கும், முன்பைவிட அதிகமாகச் சுடும். சர்வீஸுக்குப் பிறகு சூடு கூடியது என்று வரும் புகார்களுக்கு அடிக்கடி இதுதான் காரணம்.

அறை வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். அறை 24 டிகிரியிலிருந்து 36-க்குப் போனால் சிப்பும் ஏறக்குறைய அந்த 12 டிகிரியைக் கூடுதலாகச் சுமக்கும். மார்கழியில் தாக்குப்பிடித்த லேப்டாப் சித்திரையில் திணறுவது இதனால்தான். விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசஸரின் உச்ச வரம்பை 99 சதவீதமாக்கினால் வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டும் டர்போ அணைந்து, இந்த ஐ5 தன் அடிப்படை வேகமான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். சூடு சட்டென்று இறங்கும். வேலோரன்ட்டில் ஃபிரேம் கொஞ்சம் குறையும், ஆனால் சீராக இருக்கும். சீரான ஃபிரேம்தான் அந்த கேமில் முக்கியம்.

ரேம், டிஸ்க் விஷயம் எளிது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் இரண்டில் ஒரு ஸ்லாட் மட்டும் பயன்படுகிறது என்று காட்டினால், இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 2666 போடுங்கள். அளவு கூடுவதோடு இரண்டு வழியாகத் தரவு போவதால் அந்த நொடி நேர உறைதலும் குறையும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விண்டோஸையும் கேமையும் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். 2023-ல் வந்த ஸ்டார்ஃபீல்டு போன்றவற்றில் எஸ்எஸ்டி கட்டாயம். இந்த இரண்டும் இந்த லேப்டாப்போடு முடிந்துபோகிற செலவு இல்லை. விற்கும்போது விலை கூடும். விற்காவிட்டால் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் போடலாம்.

இனி மருந்தில்லாத பகுதி. ஜிடிஎக்ஸ் 1650-ல் ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போல் கணக்கிடும் முறை) ஹார்டுவேர் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் அதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். செட்டிங்கை எவ்வளவு இறக்கினாலும் அவை ஓடாது. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கி ஃபிரேமைக் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸும் இந்தச் சிப்பில் கிடையாது, அதே வகை வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் மட்டுமே. 4 ஜிபி வீடியோ மெமரி நிரம்பினால் கேம் ரேமைக் கடன் வாங்கும். அப்போது சுவரும் தரையும் மங்கலாக வந்து, சில நொடி கழித்துத் தெளியும். நீங்கள் விளையாட ஆசைப்படும் கேம்களைப் பட்டியலிடுங்கள். பாதிக்கு மேல் இந்த வகை என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பட்டியலில் வேலோரன்ட், சிஎஸ்2, ஜிடிஏ 5 மட்டும் இருந்தால் வரவில்லை.

உங்கள் பிராசஸர் 9-ஆம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 ஏற்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 7-ஆம் தலைமுறை ஐ7-7700ஹெச்க்யூவும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐயும் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை கடினம், அந்தப் பிராசஸர் விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இல்லை.

மூன்று கோளாறுகளில் மட்டும் பழுதுபார்க்கச் செலவழிக்குமுன் யோசியுங்கள். திரையில் கோடும் புள்ளியும் வந்து, கிராபிக்ஸ் சிப்பைச் சூடுகாட்டிச் சரிசெய்கிறோம் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம். பழுது பலமுறை சிப்பின் உள்ளேயே இருக்கும், சில வாரங்களில் திரும்பும். கீல் உடைந்து திரை கேபிளும் அறுந்தால், வீட்டில் மானிட்டர் இல்லாதவர்களுக்குச் செலவு கட்டாது. டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு, கிளிக் ஆகாமல் இறுகினால் அடியில் பேட்டரி ஊதியிருக்கிறது. அது தீப்பிடிக்கக் கூடியது, உடனே அணைத்து சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கடையில் பேட்டரியை அகற்றுங்கள். நல்ல பேட்டரி கிடைத்தால் லேப்டாப் பிழைக்கும், அசல் தரத்தில் கிடைக்காத மாடல் என்றால் மட்டும் மாற்றுங்கள்.

புதிது வாங்குவதென்றால் கிராபிக்ஸ் சிப் பெயரோடு அதற்குக் கொடுக்கும் மின்சக்தியான வாட்டையும் கேளுங்கள். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 35 முதல் 115 வாட் வரை என்விடியா அனுமதித்திருக்கிறது. மெல்லிய உடம்பில் குறைந்த வாட்டில் பூட்டிய 4060-ஐ, நன்றாகக் குளிரும் 4050 முந்திவிடும் இடங்கள் உண்டு. ஆனால் 4050-ல் வீடியோ மெமரி 6 ஜிபிதான், நான் 8 ஜிபிக்குக் கீழே போகச் சொல்ல மாட்டேன். ரேம் போர்டோடு சால்டர் செய்ததா, ஸ்லாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கிய அன்றே மேலே சொன்ன 30 நிமிடச் சோதனையைச் செய்து, கிராபிக்ஸ் வாட் எண் விளம்பரத்தில் சொன்னதைத் தொடுகிறதா என்று கவனியுங்கள்; தொடவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் கடைக்குக் கொண்டுபோங்கள்.