கட்டங்களுக்குள் அந்தரங்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நான்கு தோழிகள். திருமணத்துக்கு உள்ளும் வெளியிலுமான உடல் நெருக்கம் பற்றிய நிஜக் கதைகளைத் திரட்டி, ஒரு காமிக்ஸ் தொகுப்பு கொண்டுவர நினைக்கிறோம். 14 பேர் கதை சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் மூவருக்குத்தான் வரையத் தெரியும். மற்ற கதைகளை ஓவியர்களிடம் கொடுக்கலாமா? பக்கக் கணக்கு எப்படி? வழக்கு கிழக்கு என்று ஏதாவது வருமா?

மா. (முழுப்பெயரும் ஊரும் வேண்டாம்)

அன்புள்ள மா.,

பக்கக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் சுலபம். பாரம் என்பது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கக் கட்டு. பாரத்துக்கு 16 பக்கம் என்றால் ஆறு பாரம் 96. தலைப்பு, பொருளடக்கம், முன்னுரை என்று 12 போக மிச்சம் 84. கதைக்கு ஆறு ஆறாகப் பங்கிடத் தோன்றும். பங்கிடாதீர்கள். ஒரு ராத்திரிச் சண்டைக்கு 2 பக்கம் போதும். பத்து வருஷம் தொடாமல் வாழ்ந்த கதைக்கு 10 வேண்டியிருக்கும்.

ஓவியரிடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சொன்னவர் ஒருவர், வரைபவர் ஒருவர் என்றானதுமே சிக்கல் தொடங்கிவிடும். 1972இல் அமெரிக்காவில் பெண்களே நடத்திய ‘விமன்ஸ் காமிக்ஸ்’ முதல் இதழில், தன்பால் ஈர்ப்புள்ள ஒரு பெண்ணின் கதையை ஓவியர் ட்ரீனா ராபின்ஸ் வரைந்தார். நல்ல எண்ணம்தான். வெளியே நின்று சொன்ன கதையாக அது பட்டதால், தானே தன்பால் ஈர்ப்புள்ளவரான மேரி விங்ஸ் மறுவருஷமே ‘கம் அவுட் காமிக்ஸ்’ என்று தானே ஒன்றை வரைந்து வெளியிட்டார்.

எழுத்தில் ‘விளக்கை அணைத்தான்’ என்று போட்டுத் தப்பிக்கலாம். படத்தில் முடியாது. யார் கண் வழியாகப் பார்க்கிறோம், எது தெரிகிறது என்று வரைபவர் முடிவு செய்தே ஆகவேண்டும். விவரம் கிடைக்காவிட்டால் கை தனக்குப் பழகியதை வரையும், பழகியதோ சினிமா. சிசேரியன் தழும்பை நினைத்துக் கூசிய பெண்ணுக்குக் கதாநாயகி இடுப்பு வந்து சேரும். கதையே போச்சு. அதனால் கதையை ஒலிப்பதிவு செய்தபின் சில்லறைக் கேள்விகளுக்காகவே இன்னொரு முறை உட்காருங்கள். கட்டிலா, பாயா? (கட்டில் கிரீச்சிட்டிருந்தால் பாய்க்கு இறங்கியிருப்பார்கள்.) பக்கத்தில் யார் தூங்கினார்கள்? கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? வெளிச்சம் தெருவிளக்கிலிருந்தா, சாமி மாடத்துச் சிவப்பு பல்பிலிருந்தா? ஒற்றை அறை வீட்டில் மூன்றடி தள்ளி மாமியார் படுத்திருப்பதை ஒரு கட்டத்தில் காட்டிவிட்டால், அடுத்த ஐந்து கட்டங்களில் ஏன் யாரும் வாய் திறக்கவில்லை என்று விளக்க வேண்டியதில்லை.

சம்மதத்தை ஒரே நாளில் கையெழுத்து வாங்கி முடித்துவிடாதீர்கள். எழுத்து வடிவம் தயாரானதும் ஒருமுறை, கட்டம் பிரித்த குட்டி வரைவில் ஒருமுறை, பென்சில் படத்தில் ஒருமுறை காட்டுங்கள். பென்சிலில் மாற்ற ரப்பர் போதும். மை போட்டபின் என்றால் பக்கத்தையே திரும்ப வரையவேண்டும், கூலியும் ஏறும். வாயால் சரி என்றவர் தன் உடம்பைத் தாளில் பார்த்ததும் பின்வாங்குவது சகஜம். வற்புறுத்தக் கூடாது.

நாம் சம்மதமே கேட்டிராத இன்னொரு ஆளும் ஒவ்வொரு கதையிலும் உண்டு: கணவர், பழைய காதலி, யாரோ. கேட்க முடிந்தால் கேளுங்கள். முடியாவிட்டால் முகம், ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். யார் முதலில் தொட்டார், யார் வேண்டாம் என்றார் என்பதை மட்டும் மாற்றக் கூடாது. பெரும்பாலும் பெயரை மாற்றிவிட்டு மற்றதில் கோட்டை விடுவார்கள். போனில் வந்த போட்டோவைப் பார்த்து வரைந்த ஜன்னல் கம்பி, பிள்ளையின் பள்ளிச் சீருடை, வண்டி நம்பர். சொந்தக்காரர் கண்டுபிடிக்க அந்த ஜன்னல் ஒன்றே போதும். கோப்பின் பெயரிலும் பிடிஎஃப் விவரங்களிலும் நிஜப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அச்சகத்துக்கு அனுப்பும்முன் அதையும் நீக்குங்கள்.

சட்டத்தில் இரண்டு விஷயம். ஆபாசத்துக்கான, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 292ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 294. இலக்கியம், கலைக்கு அதில் விலக்கு உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றமும் படத்தைத் தனியாகப் பிய்த்துப் பார்க்காமல் அதன் சூழலில் வைத்தே பார்க்கச் சொன்னது. ஆனால் அட்டையும் விளம்பரமும் தனியாகத்தான் சுற்றும், அவற்றில் அடக்கி வாசியுங்கள். இரண்டாவதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. 18 வயதுக்குக் கீழ் நடந்ததை, சொல்பவருக்கு இன்று 50 வயதானாலும், உடலாக வரையாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, குழந்தையாகத் தோன்றும்படி உருவாக்கிய பாலியல் படமும் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) வரையறைக்குள் வருகிறது. கறுப்புக் கட்டமும் அதில் நாலு வரியும் போதும். அச்சுக்கு முன் வக்கீல் ஒருவர் முழுப் பிரதியையும் படிக்கட்டும். அச்சகக்காரரிடமும் முன்பணம் கொடுக்கும்முன்பே பக்கங்களைக் காட்டுங்கள், பாதியில் மறுத்தால் அலைச்சல்.

வசனத்தைக் கடைசியில் திணிக்காதீர்கள். தமிழ்ச் சொல் நீளம். பேச்சுக் குமிழுக்கு 12 சொல் தாண்டினால் முகத்தை மறைக்கும். பென்சிலிலேயே வசனத்தை எழுதி, அதைச் சுற்றிக் குமிழ் போடச் சொல்லுங்கள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கோட்டோவியத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள், அச்சானபின் ஓரம் வெட்டுவதற்கு 3 மில்லிமீட்டர், புத்தகம் கட்டும் முதுகுப் பக்கம் 15 மில்லிமீட்டர் விடுங்கள்.

அச்சுக்கு முந்தின வாரம்கூட ஒருவர் தன் கதை வேண்டாம் என்று திரும்பக் கேட்கலாம். அது ஆறு பக்கக் கதை என்றால் அன்றைக்கு ஆறு பக்கம் ஓட்டை விழும், பாரக் கணக்கு உடையும். 4 பக்கத்திலும் 2 பக்கத்திலும் ஒவ்வொரு கதையை முழுக்க முடித்துக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் ஓவியர்களுக்கும் மற்றவர்களோடு சேர்த்தே பணம் கொடுத்துவிடுங்கள்.