சேதாரத்தில் போகிற குண்டுமணி

கேள்வி: பிரிட்டனில் பிபிசிக்காக வீட்டுக்கு வீடு பணம் வசூலிக்கிறார்களாம். நம் நாட்டில் அரசுச் செய்தி, தனியார் செய்தி இரண்டுமே இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த ஒரு விஷயத்திலாவது நாம் அவர்களை முந்திவிட்டோம் என்று சொல்லலாமா?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: இலவசமா! போன இதழின் அட்டைப்படம் மங்கலாக இருந்தது என்று திட்டி எழுதிய அதே அன்பர்தானே நீங்கள்? சலூன் பெஞ்சில் ஊரே புரட்டி முடித்த பிரதியைக் கடைசியாகக் கையில் எடுத்தால் மங்கலாகத்தான் இருக்கும். சந்தா முகவரி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

கேபிள்காரருக்கு மாதாமாதம் கொடுப்பதை எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள்? அதை விடுங்கள். மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் வளையல் வாங்கும்போது 'சேதாரம்' என்று போடுகிறார்களே, அதில் ஒரு குண்டுமணி விளம்பரக் காசாக டிவியின் இரவு விவாத மேடைக்குப் போகிறது. குளிக்கிற சோப்பிலும் பல் துலக்குகிற பேஸ்ட்டிலும் விளம்பரச் செலவு கரைந்திருக்கிறது. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவதையும், ஐந்தாமவர் 'ஒருவர் ஒருவராகப் பேசுங்கள்' என்று அவர்களைவிட உரக்கக் கத்துவதையும் காசு கொடுத்துத்தான் பார்க்கிறீர்கள். ரசீது மட்டும் வருவதில்லை.

பிரிட்டன்காரர் ரசீதோடு கட்டுகிறார். 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுன் ஆனது. கறுப்பு வெள்ளைப் பெட்டிக்குத் தனிக் கட்டணம், 58.50 பவுன். இங்கே அப்படி ஒரு சலுகை இருந்திருந்தால் மதுரை மாவட்டம் முழுவதும் இன்றைக்கும் கறுப்பு வெள்ளையில்தான் படம் பார்த்துக்கொண்டிருக்கும், குறைந்தபட்சம் அதிகாரி வருகிற நேரத்திலாவது. ஜெர்மனியில் வீட்டில் பெட்டியே இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ கட்டியாக வேண்டும். ஜப்பானில் அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் வசூலுக்கு ஆள் வாசலுக்கே வந்துகொண்டிருந்தார். அந்தத் தொல்லையிலிருந்து மக்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு கட்சி தொடங்கி, 2019இல் மேலவையில் ஓர் இடமும் பிடித்துவிட்டார்கள். நம் ஊரில் கட்சி தொடங்கிய கையோடு சேனல் தொடங்குகிறார்கள். அங்கே சேனலை எதிர்த்துக் கட்சி!

நாமும் ஒரு காலத்தில் கட்டியவர்கள்தாம். 1980களின் நடுப்பகுதி வரை ரேடியோவுக்குத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் ரேடியோ நெற்குதிருக்குள் போய்விடும். அப்படிக் கட்டியதற்கு என்ன கிடைத்தது? நெருக்கடி நிலைக் காலத்தில் 'ஆல் இந்திரா ரேடியோ' என்று ஊரே கேலி பேசியது. 1984 அக்டோபர் 31 காலையில் சுடப்பட்ட இந்திரா காந்தி இறந்துவிட்டார் என்பதை ஆகாசவாணி மாலையில்தான் சொன்னது. அதற்கு முன்பே பிபிசி சொல்லிவிட்டது.

ஆக, கட்டுகிறோமா இல்லையா என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டிய பணம் யார் கை வழியாகப் போகிறது, அந்தக் கை நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியுமா என்று பாருங்கள். பிபிசி கட்டணத்தை நிர்ணயிப்பதும் அரசுதான். ஆனால் பிபிசி இயங்குவதற்கான இப்போதைய அரச சாசனம் 2027 முடியும் வரை செல்லும். நேற்றைய பேட்டி பிடிக்கவில்லை என்று இன்று காலை பணத்தை நிறுத்த வழியில்லை. அமெரிக்காவில் நிறுத்தியே விட்டார்கள். 1967இல் சட்டம் போட்டு உருவாக்கிய பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கிய 110 கோடி டாலரை 2025இல் நாடாளுமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் நம் பிரசார் பாரதிக்குத் தன்னாட்சி என்று 1990இல் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. பணம் இன்றும் அமைச்சகம் வழியாகத்தான் வருகிறது. பிபிசியின் தமிழ் வானொலியான தமிழோசையை நினைத்து உருகும் பெரியவர்களுக்கும் ஒரு தகவல்: 2014 வரை பிபிசி உலக சேவைக்குப் படியளந்தது பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை. உங்கள் கணக்கில் அதுவும் இலவசம்தான்.

தனியார் என்றால் இந்தப் பிடுங்கல் இல்லை என்று யாராவது சொன்னால், மதுரையில் இருந்துகொண்டு அதைச் சொல்லாதீர்கள். 2007 மே 9 அன்று இங்கே தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு எரிந்தது. கருணாநிதியின் அடுத்த அரசியல் வாரிசு யார் என்று ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டதுதான் காரணம். மூன்று ஊழியர்கள் இறந்துபோனார்கள். அது தனியார் பத்திரிகைதான். அப்போதைய ஆளுங்கட்சித் தலைமைக்கு உறவான தனியார்.

என்னுடைய பழைய புலம்பல் ஒன்று பாக்கி இருக்கிறது. அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையம் எதுவும் இன்று வரை சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. வேண்டுமானால் ஆகாசவாணிச் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் ஒலிபரப்பிக்கொள்ளலாம். தனியார் தொலைக்காட்சிக்கு இந்தத் தடை கிடையாது. படம் காட்டினால் ஆபத்தில்லையாம், குரல் மட்டும் வந்தால் ஆபத்தாம். திருவிழா, வானிலை, போக்குவரத்து, குடிநீர் போன்ற சில அறிவிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அழகர் பச்சைப் பட்டில் இறங்கினார் என்று சொல்லலாம். தெருவில் நாளை முதல் குடிநீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றும் சொல்லலாம். நடுவில் ஒரு நாள் வராத தண்ணீர் எங்கே போனது என்று மாநகராட்சியைக் கேட்டால், அது செய்தி! கோரிப்பாளையத்தில் மறியல் நடந்தால், 'அந்தப் பக்கம் போகாதீர்கள், நெரிசல்' என்று அறிவிக்கலாம். யார் மறித்தார்கள், எதற்கு மறித்தார்கள் என்று வாய் திறந்தால் உரிமத்துக்கு ஆபத்து. அறிவிப்பாளரும் பாவம், 'தமுக்கம் வழியாகச் சுற்றிப் போங்கள்' என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிடுகிறார்.