அறிவியல் கேள்வி – பதில்: பக்கத்து நிலையத்தின் இரைச்சல்

கேள்வி: ஐயா, இரண்டு மீட்டர் அமெச்சூர் அலைவரிசைக்காக நானே கட்டிய ரிசீவரில் 25 கிலோஹெர்ட்ஸ் படிகளில் நகரும் பி.எல்.எல். சிந்தசைசர் (ஆஸிலேட்டரின் அதிர்வெண்ணைக் கிரிஸ்டலோடு ஒப்பிட்டுப் பிடித்து வைக்கும் சுற்று) உள்ளது. ஆரியங்காவு கணவாய்க்கு அப்பாலிருந்து வரும் மலையாள நிலையங்கள் மெலிதாக ஆனாலும் தெளிவாகக் கேட்கின்றன. தென்காசி நண்பர் அடுத்த சேனலில் பேசத் தொடங்கியதும் அவை 'உஸ்' என்ற இரைச்சலில் மூழ்கிவிடுகின்றன. ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) ஃபில்டரை மாற்றியும் பயனில்லை. பி.எல்.எல். ஐ.சி.யை மாற்ற வேண்டுமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: ஐ.சி.யை இப்போதைக்குத் தொடாதீர்கள். வரும் சிக்னலை ஐ.எஃப்.புக்கு மாற்ற மிக்ஸரில் கலக்கப்படும் உங்கள் லோக்கல் ஆஸிலேட்டர் ஒரே அதிர்வெண்ணில் நிற்பதாகத் தோன்றினாலும், அதன் இரு பக்கமும் ஃபேஸ் நாய்ஸ் எனப்படும் இரைச்சல் சரிந்து பரவியிருக்கிறது. 25 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வரும் நண்பரின் வலிமையான சிக்னல், ஆஸிலேட்டரிலிருந்து அதே 25 கிலோஹெர்ட்ஸ் தள்ளியுள்ள இரைச்சலோடு மிக்ஸரில் கலந்து, சரியாக ஐ.எஃப். ஃபில்டரின் நடுவில் வந்து விழுகிறது. அங்கே விழுந்த பிறகு எவ்வளவு நல்ல ஃபில்டராலும் அதைப் பிரிக்க முடியாது.

நண்பரின் குரலே கேட்டிருந்தால், ஃபேஸ் டிடெக்டரின் (பி.எல்.எல்.லில் ஒப்பிடும் பகுதி) 25 கிலோஹெர்ட்ஸ் கசிவால் உண்டாகும் ஸ்பர் (வேண்டாத உப அதிர்வெண்) தான் காரணம் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்குக் கேட்பது வெறும் 'உஸ்' என்பதால் இது ஃபேஸ் நாய்ஸ்தான்.

ஐ.எஃப். 10.7 மெகாஹெர்ட்ஸ் என்று கொண்டால் ஆஸிலேட்டர் 134 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடும். ஒப்பிடுவதற்காக அதை 25 கிலோஹெர்ட்ஸாக்க 5,360 ஆல் வகுக்க வேண்டும். ஃபேஸ் டிடெக்டரின் இரைச்சல் இந்த எண்ணின் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 75 டெசிபெல், பெருகி வெளியே வருகிறது என்பது உண்மையே. ஆனால் அது லூப்பின் (பி.எல்.எல்.லின் திருத்தும் வளையம்) அகலத்துக்குள், உங்கள் வகைச் சுற்றில் ஓரிரு கிலோஹெர்ட்ஸுக்குள், அடங்கிவிடும். 25 கிலோஹெர்ட்ஸ் தொலைவில் லூப்பின் பிடி எட்டாது, அங்கே வி.சி.ஓ. (வோல்டேஜால் அதிர்வெண் மாறும் ஆஸிலேட்டர்; உங்கள் லோக்கல் ஆஸிலேட்டர் இதுவே) வைத்ததே சட்டம். ஐ.சி.யின் மேல் பழி போடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

வி.சி.ஓ.வில் நான் முதலில் சந்தேகிப்பது, லூப் ஃபில்டரிலிருந்து (ஃபேஸ் டிடெக்டரின் வெளியீட்டைச் சீராக்கும் பகுதி) வேரக்டருக்கு (வோல்டேஜுக்கேற்பக் கெபாசிட்டன்ஸ் மாறும் டயோடு) செல்லும் ரெசிஸ்டர். பலர் அங்கே 100 கிலோ ஓம் போடுகிறார்கள். அறை வெப்பநிலையில் அந்த ரெசிஸ்டர் தானாகவே ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சுமார் 40 நானோவோல்ட் வெப்ப இரைச்சலை உண்டாக்குகிறது. வி.சி.ஓ. ஒரு வோல்ட்டுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் நகருமானால், இது ஒன்றே 25 கிலோஹெர்ட்ஸ் தொலைவில் ஃபேஸ் நாய்ஸை, ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்கிட்டால், கேரியருக்குக் கீழே 105 டெசிபெல் அளவில் நிறுத்திவிடும். நண்பரின் சிக்னல் ஆன்டெனா முனையில் 2.2 மில்லிவோல்ட் என்றும், ஃபில்டரின் அகலம் 12 கிலோஹெர்ட்ஸ் என்றும் வைத்துக்கொண்டால், இந்த இரைச்சல் 1.4 மைக்ரோவோல்ட் சிக்னலுக்குச் சமம். மலை தாண்டி அரை மைக்ரோவோல்ட்டில் வரும் குரல் பிழைக்க வழியில்லை. ரெசிஸ்டரை 1 கிலோ ஓம் ஆக்கினாலோ, அந்த இடத்தில் ஆர்.எஃப். சோக் வைத்தாலோ, ரெசிஸ்டரின் பங்கு குறைந்தது 20 டெசிபெல் இறங்கிவிடும்.

அலைவரிசையின் மொத்த அகலமே 144 முதல் 146 வரை 2 மெகாஹெர்ட்ஸ்தான். அதற்கு வோல்ட்டுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் நகரும் வி.சி.ஓ. எதற்கு? வேரக்டரோடு தொடராகச் சிறிய கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்து அதை 1 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் மேலும் 14 டெசிபெல் கிடைக்கும். இவற்றுக்குப் பிறகும் இரைச்சல் தங்கினால் காயிலைக் கவனியுங்கள். 1966-இல் லீசன் வகுத்துத் தந்த சமன்பாட்டின்படி, சுற்றில் பொருத்திய நிலையில் காயிலின் க்யூ (இழப்பு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் தர எண்) இரு மடங்கானால் இந்தத் தொலைவில் இரைச்சல் 6 டெசிபெல் குறையும். பச்சை நிற மோல்டட் சோக்கை டியூனிங் காயிலாக வைத்திருந்தால், தடித்த கம்பியில் சுற்றிய காற்றுக் காயிலாக மாற்றுங்கள்.

சோதிக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் வேண்டியதில்லை. லூப் ஃபில்டரைத் துண்டித்துவிட்டு, பேட்டரியும் 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் கொண்டு டியூனிங் வோல்டேஜைக் கொடுங்கள். அதிர்வெண் மெல்ல நழுவினாலும் சோதிக்கும் நேரத்துக்குத் தாங்கும். 'உஸ்' அப்படியே இருந்தால் குற்றவாளி வி.சி.ஓ. பக்கம், அடங்கிவிட்டால் லூப் ஃபில்டர் அல்லது அதன் ஆப்-ஆம்ப்.

கேள்வி: ஃப்ராக்ஷனல்-என் (பின்ன எண்ணாலும் வகுக்கும்) வகை ஐ.சி.க்கு மாறினால் ஃபேஸ் நாய்ஸ் தீருமா?
– கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: லூப்புக்கு உள்ளே பெரிதும் குறையும். 10 மெகாஹெர்ட்ஸில் நேரடியாக ஒப்பிட்டு 13.4 ஆல் வகுக்க முடிவதால், ஒப்பீடு வேகமாக நடப்பதால் கூடும் இரைச்சலைக் கழித்த பிறகும், ஃபேஸ் டிடெக்டரின் பங்கு 26 டெசிபெல் இறங்குகிறது. ரெஃபரன்ஸ் கிரிஸ்டலின் இரைச்சலோ 10-க்கு 134 என்ற விகிதத்தில் எப்போதும்போலவே பெருகும். அதில் எந்த ஐ.சி.யும் சலுகை தராது. லூப்புக்கு வெளியே மறுபடியும் வி.சி.ஓ.தான்.

கேள்வி: ஒரே ஒரு ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) கேட்பதற்கும் பி.எல்.எல். தேவையா?
– வாசகர், குமுளி

பதில்: தேவையில்லை. 134 மெகாஹெர்ட்ஸுக்கு 44.667 மெகாஹெர்ட்ஸ் ஓவர்டோன் கிரிஸ்டலை மும்மடங்காக்கினால் அதன் இரைச்சல் 9.5 டெசிபெல் மட்டுமே கூடும்.