ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு எம்.பி.

அன்புள்ள ஐயா,

தொகுதி மறுசீரமைப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் 'ஓல்டு சாரம்' என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தேடிப் பார்த்தேன். வீடே இல்லாத மேடு, ஆனால் லண்டன் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களாம். சென்னையில் கவர்னராக இருந்த ஒருவர் இங்கே வாங்கிய வைரத்தை விற்ற காசில் அந்தத் தொகுதியையே விலைக்கு வாங்கினார் என்றும் படித்தேன். நிஜமா? இது நம்மூரில் ஓட்டுக்குக் காசு கொடுப்பது போலத்தானே? தொகுதியை ஒழித்தபோது அதன் சொந்தக்காரர் சும்மா விட்டாரா?

– கே., திருவொற்றியூர்

அன்புள்ள கே.,

நிஜம்தான், வைரக் கதையை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்குச் சற்று வடக்கே இருக்கும் பழைய கோட்டை மேடுதான் ஓல்டு சாரம். நார்மன் அரசர்கள் காலத்தில் அங்கே கோட்டையும் பெரிய தேவாலயமும் அடுத்தடுத்து இருந்தன. கோட்டைச் சிப்பாய்களுக்கும் பாதிரிமார்களுக்கும் ஒத்துப்போகவில்லை, மேட்டில் தண்ணீர்க் கஷ்டம் வேறு. 1220-இல் கீழே ஆற்றோரமாகப் புதிய தேவாலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள், ஊரும் மெல்ல மெல்ல இறங்கி அதைச் சுற்றிக் குடியேறிவிட்டது. அதுதான் இன்றைய சாலிஸ்பரி. அந்தப் புது ஊருக்குத் தனியாக இரண்டு உறுப்பினர்கள் கிடைத்தார்கள், ஆனால் காலியான மேட்டின் இரண்டு இடங்களை யாரும் எடுக்கவில்லை. 1832 வரைக்கும் எடுக்கவில்லை!

ஓட்டுக்குக் காசு என்ற ஒப்பீட்டில் எனக்கு உடன்பாடில்லை. நம்மூரில் காசு கொடுப்பவருக்கு ஒரு பயமாவது இருக்கிறது, வாங்கிக்கொண்டவர் உள்ளே போய் வேறு பட்டனை அமுக்கிவிடலாம். ஓல்டு சாரத்தில் அந்தப் பயமே கிடையாது, ஏனென்றால் அங்கே வாக்குரிமை மனிதருக்கு இல்லை, மனைக்கு. பழைய நகரத்தின் குறிப்பிட்ட சில மனைகள் யார் பெயரில் இருக்கின்றனவோ அவர்களுக்கு ஓட்டு. அந்த மனைகளில் வீடு இருக்க வேண்டும் என்றில்லை, உழுத வயலாக இருந்தாலும் போதும். எல்லா மனையையும் ஒருவரே வாங்கிப்போட்டுவிட்டால் என்ன செய்வார்? தேர்தல் வரும்போது தனக்கு வேண்டிய சில பேருக்குத் தற்காலிகமாக மனையை எழுதிக்கொடுப்பார், அவர்கள் வந்து ஒரு மரத்தடியில் கூடி அவர் சொன்ன இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடைசிக் காலத்தில் அப்படி 11 வாக்காளர்கள் இருந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, அவர்களிலும் யாரும் அங்கே குடியிருக்கவில்லை. ரகசிய வாக்கெடுப்பே அந்த நாட்டுக்கு 1872-இல்தான் வந்தது. ஓட்டுக்குக் காசு கொடுத்தால் சட்டப்படி குற்றம். ஓல்டு சாரமோ சட்டத்துக்கு உட்பட்ட சொத்து, பரம்பரையாக வரும், விலை பேசி விற்கலாம். எனக்கு எரிச்சல் தருவது இதுதான். அதே சமயம் லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த மான்செஸ்டருக்கு ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது.

சரி, வைரம். தாமஸ் பிட் ஓல்டு சாரத்தை வாங்கியது 1691-இல். அவர் சென்னைக் கோட்டைக்குக் கவர்னராக வந்தது 1698-இல். ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 வராகனுக்கு (அந்தக் காலத் தங்க நாணயம்) அந்தப் பெரிய வைரத்தை வாங்கியது அதற்கும் பிறகு. பிரான்ஸ் ராஜப்பிரதிநிதிக்கு 1,35,000 பவுண்டுக்கு அதை விற்றது 1717-இல் (இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது). ஆகவே வைரக் காசில் தொகுதி வாங்கினார் என்பது நாள்கணக்குக்கு ஒத்துவராது. ஆனாலும் தொகுதி வாங்கிய பணம் இந்தியப் பணம்தான் என்று சொல்வதில் பெரிய தவறில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறி வங்காளக் கரையில் கள்ள வியாபாரம் செய்துதான் அவர் பணக்காரரானார். பிடித்து அபராதம் போட்ட அதே கம்பெனி பிறகு அவரையே கவர்னராகவும் அனுப்பியது! உங்கள் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்களும் 1708-இல் கம்பெனி கைக்கு வந்தது அவர் ஆட்சியில்தான்.

பேரன் வில்லியம் பிட் 1735-இல் முதன்முதலாகப் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது இந்தக் குடும்பத் தொகுதி வழியாக. பிறகு பிரிட்டனின் பிரதமரான அதே மனிதர், 1766-இல் இப்படிப்பட்ட தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்றார். தான் வந்த வாசலைத்தான் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நம் பக்கத்து ரத்தம் நிஜமாகவே கலந்தது இன்னொரு இடத்தில். ஆற்காடு நவாப் முகமது அலி, கம்பெனி ஊழியர்களிடமே கொள்ளை வட்டிக்குக் கடன் வாங்கி, அதற்கு ஈடாக மாவட்ட மாவட்டமாக வரி வருமானத்தை எழுதிக்கொடுத்தார். வட்டி கட்டியது ஆற்காட்டுச் சீமை உழவர். கடன் கொடுத்தவர்களில் பெரிய கை பால் பென்ஃபீல்ட். அந்தப் பணத்தில் முந்தைய பாராளுமன்றத்தில் எட்டு உறுப்பினர்களை உருவாக்கினான் என்று பாராளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் சபையிலேயே சாடினார். வில்லியம் பிட்டின் மகனும் அப்போதைய பிரதமருமான இளைய பிட்டின் அரசு அந்தக் கடன்களை விசாரணையில்லாமல் ஒப்புக்கொண்டதற்கு எதிரான பேச்சு அது. ஓல்டு சாரத்தைத் தனி விநோதமாகப் பார்த்தால் இது தெரியாது. விலைக்குக் கிடைக்கும் தொகுதிகள் என்று ஒரு சந்தையே இருந்தது, சென்னையிலும் கல்கத்தாவிலும் சம்பாதித்தவர்கள் அங்கே போய் நின்றார்கள்.

ஓல்டு சாரமும் 1802-இல் பிட் குடும்பத்திடமிருந்து கேலடன் பிரபுவுக்குக் கைமாறியது. அவர் தகப்பனாரும் கம்பெனியில் சம்பாதித்தவர். தொகுதியின் கடைசி இரண்டு உறுப்பினர்களும் கேலடனின் உறவினர்கள்தான். ஒருவர் பெயர் ஜோசையாஸ் டூ ப்ரே அலெக்ஸாண்டர். 1770 முதல் 1773 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசையாஸ் டூ ப்ரே அந்த வீட்டு மாப்பிள்ளை, பெயர் அங்கிருந்து வந்தது.

சொந்தக்காரர் சும்மா விட்டாரா என்று கேட்டீர்கள். 1785-இல் இளைய பிட் ஒரு மசோதா கொண்டுவந்தார், பத்து லட்சம் பவுண்டு ஒதுக்கி 36 தொகுதிகளை உரிமையாளர்களிடமிருந்து நஷ்டஈடு கொடுத்து வாங்கிவிடலாம் என்று. தோற்றது. 1832 சீர்திருத்தச் சட்டம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஓல்டு சாரத்தோடு சேர்த்து 56 தொகுதிகளை அப்படியே துடைத்தெடுத்தது, சொந்தக்காரர்களுக்கு ஒரு பென்னி கிடையாது. கேலடனுக்கு மிஞ்சியது அந்த மனைகள்தான், அவற்றை அதன் பிறகு வெறும் வயலாக மட்டுமே விற்க முடியும்.