நெதர்லாந்தில் சமையல் வேலை: பெர்மிட் ஏஜென்ட் கையில் இல்லை

வணக்கம் அம்மா. கேட்டரிங் படித்த மகனுக்கு தி ஹேக் நகரில் ஓர் இந்திய உணவகத்தில் வேலை என்றும், பெர்மிட் எடுத்துத் தர ஏஜென்ட் ஆறு லட்சம் கேட்கிறார் என்றும், நகையை அடகு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வைக்காதீர்கள்.

நெதர்லாந்தில் தங்குவதற்கும் வேலை பார்ப்பதற்கும் சேர்த்து ஒரே அனுமதிதான். ஜிவிவிஏ என்பார்கள். ஆள் இந்தியாவில் இருக்கும்போது பெரும்பாலும் வேலை கொடுப்பவர்தான் விண்ணப்பம் போடுவார், ஐஎன்டி என்கிற குடிவரவுத் துறையிடம். ஐஎன்டி அதை யூடபிள்யூவி என்கிற வேலைவாய்ப்பு அமைப்புக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும். அங்கேதான் சிக்கல். இந்த வேலைக்கு உள்ளூரில், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆள் தேடினீர்களா, ஏன் கிடைக்கவில்லை, சம்பளம் சரியாக இருக்கிறதா என்று முதலாளியைக் குடைவார்கள். ஆசிய உணவகங்களுக்கென்று முன்பு இருந்த தனிச் சலுகையும் 2022 தொடக்கத்தோடு போய்விட்டது. ஆகவே சமையல்காரருக்கு "கியாரண்டி" என்று யாராவது சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

ஏஜென்டிடம் பேசிக்கொண்டிருப்பதைவிட முதலாளியிடம் கேளுங்கள். கையெழுத்தான ஒப்பந்தம், கேவிகே எனப்படும் வணிகப் பதிவு எண், காலியிடத்தை யூடபிள்யூவியிடம் பதிந்ததற்கான ஆதாரம், விண்ணப்பம் போட்டாகிவிட்டது என்றால் ஐஎன்டி அனுப்பிய கடிதம். கேவிகே எண்ணை இணையத்தில் போட்டால் உணவகத்தின் பெயரும் முகவரியும் வந்துவிடும். முடிவு சொல்ல ஐஎன்டிக்கு 90 நாள் அவகாசம் உண்டு. "பதினைந்தே நாளில் விசா" என்பது கதை.

அதேபோல, "டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பதையும் நம்பாதீர்கள். இந்தியர்கள் எம்விவி என்கிற நுழைவு விசாவை இங்கேயே வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

சிலர் "கென்னிஸ்மிக்ரன்ட்" என்று வேறொரு பெயர் சொல்வார்கள். அது அதிகச் சம்பளம் வாங்கும் நிபுணர்களுக்கானது. வேலை கொடுப்பவர் ஐஎன்டி அங்கீகரித்த பட்டியலில் இருந்தாக வேண்டும். சமையல்காரர் சம்பளம் அந்த வரம்பை எட்டுவது அபூர்வம்.

ஏஜென்டையும் பார்த்துவிடுங்கள். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா? பதிவு பெற்றவரே என்றாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஆறு லட்சம் எங்கே, இது எங்கே! தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அங்கே விசாரியுங்கள்.

எல்லாம் சரியாகி மகன் போய்ச் சேர்ந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் கையில் தங்கும் அனுமதிக்கான ஒரு கார்டு வரும், கூடவே ஒரு தாளும் வரும். கார்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், தாளை யாரும் பார்ப்பதில்லை. எந்த முதலாளியிடம், எந்த வேலை செய்யலாம் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். முதலாளியோடு ஒத்துப்போகவில்லை, பக்கத்துக் கடையில் சேர்ந்துகொள்கிறேன் என்று கிளம்ப முடியாது. அந்தக் கடைக்காரர் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அதனால்தான் உணவகம் எப்படி, முன்பு வேலை பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள், சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறதா, தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையெல்லாம் இங்கே இருக்கும்போதே கேட்கச் சொல்கிறேன்.

அப்புறம், பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் பலருடைய சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்காது. "ஆண்" என்று மட்டும் இருக்கும். பெயர் இருந்தாலும் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து வேறு மாதிரி இருக்கும். நெதர்லாந்து நகராட்சியில் பதியும்போது, அப்போஸ்டில் என்கிற, வெளிநாட்டில் ஆவணம் செல்லுபடியாவதற்கான முத்திரையோடு இந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பும் வேண்டும். மாநில அரசின் சான்றொப்பம் வாங்கி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்று இதற்கு நாளாகும். வேலை உறுதியாகும்வரை காத்திருக்காமல் பெயர் சேர்க்கும் வேலையை இந்த வாரமே நம் ஊர் நகராட்சி அலுவலகத்தில் தொடங்கிவிடுங்கள்.