சான்றிதழ் கிடக்கட்டும், பணம் எந்தக் கணக்கில் வருகிறது?

கேள்வி: பி.காம். படித்தவள். பென்னாகரம் பக்கம் ஓர் அறக்கட்டளையில் ஆறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். ஜெர்மன் அரசு நிதியில் நடக்கும் ஒரு திட்டத்துக்கு, அந்த நாட்டுத் தொண்டு நிறுவனம் எங்களைக் கூட்டாளியாகக் கேட்கிறது. சிறுதானியமும் ஆடு வளர்ப்பும்; இரண்டு ஆண்டுக்கு 40,000 யூரோ. எங்களுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை. கிருஷ்ணகிரியில் ஓர் ஆலோசகர், 35,000 ரூபாய்க்கு ‘சர்வதேசத் திட்ட மேலாண்மை’ சான்றிதழ் வகுப்பு நடத்துகிறார். பணத்தை வேறொரு அமைப்பின் கணக்கு வழியாக வாங்கித் தருவதாகவும், அதற்கு 5 சதவீதம் கமிஷன் என்றும் சொல்கிறார். சேரலாமா? எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

பதில்: சேராதீர்கள். நிதி தருபவர் உங்கள் சான்றிதழைப் பார்த்துப் பணம் அனுப்புவதில்லை. உங்கள் வவுச்சரைப் பார்த்துத்தான் அடுத்த தவணையை அனுப்புவார். திட்ட மேலாண்மையின் அடிப்படை தெரிய வேண்டுமென்றால், பி.எம்.4.என்.ஜி.ஓஸ் என்ற அமைப்பு வெளியிட்ட ‘புராஜெக்ட் டி-ப்ரோ’ வழிகாட்டி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. டிசாஸ்டர்ரெடி தளத்தில் மானியக் கணக்கு பற்றிய பாடங்களும் இலவசம். ஆங்கிலம்தான், ஆனால் பி.காம். படித்தவருக்குப் புரியாதது அதில் இல்லை.

வகுப்பைவிட ஆபத்தானது அந்த 5 சதவீதம். 2020 செப்டம்பரில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள அமைப்புகூட வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றிவிட முடியாது. வாங்கிக் கொடுத்தவர் பதிவை இழப்பார், வாங்கிய நீங்கள் வழக்கில் நிற்பீர்கள். ஆலோசகர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. யூரோ 90 ரூபாய் என்று வைத்தால் உங்கள் திட்டம் 36 லட்சம். அவர் பங்கு 1,80,000. அதை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? கமிஷன் என்று எழுதினால் எந்த நிதியாளரும் ஏற்கமாட்டார். ஆகவே ஆட்டு விலையிலும் விதை விலையிலும் ஏற்றி எழுதச் சொல்வார்கள். பொய்க் கணக்கு அங்கேதான் தொடங்கும், கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். ‘சேவைக் கட்டணம் என்று பில் போட்டு வாங்கிக்கொள்ளலாம்’ என்பதும் அதே பொறிதான். மானியத்துக்கு வேட்டி மாற்றிக் கட்டினால் அது வியாபாரம் ஆகிவிடாது.

நேர்வழி இரண்டு. அறக்கட்டளை தொடங்கி மூன்று ஆண்டு ஆகி, கடந்த மூன்று நிதியாண்டில் அதன் நோக்கத்துக்கான பணிகளுக்கு மட்டும் 15 லட்சம் செலவழித்திருந்தால், எஃப்.சி.-3ஏ படிவத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் இந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் முன் அனுமதி கேட்டு எஃப்.சி.-3பி. அதற்கு ஜெர்மன்காரர்களிடமிருந்து தொகையும் நோக்கமும் தெளிவாக எழுதிய உறுதிக் கடிதம் வேண்டும். என்.ஜி.ஓ. தர்பண் (தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளம்) எண்ணும் நிர்வாகிகளின் ஆதார் எண்ணும் முன்பே தயாராக இருக்கட்டும்.

பணம் முதலில் இறங்க வேண்டிய இடம் டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளை மட்டுமே. பென்னாகரத்தில் ஆடு வாங்க டெல்லியில் கணக்கு எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. ஆனால் அதற்காக டெல்லி போக வேண்டியதில்லை. பக்கத்து ஸ்டேட் வங்கிக் கிளையிலேயே தாள்களைக் கொடுக்கலாம். ‘டெல்லி போய்வரும் செலவு’ என்று யாராவது கேட்டால் அது அவர் சட்டைப் பைக்கு. அங்கிருந்து உங்கள் ஊர்க் கிளையில் பயன்பாட்டுக் கணக்குக்கு மாற்றிச் செலவழியுங்கள். இவற்றில் உள்ளூர் நன்கொடை ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது.

எஃப்.சி.ஆர்.ஏ.வுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத்தான் எல்லோரும் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஐ.நா. சபை, அதன் சிறப்பு அமைப்புகள், உலக வங்கி, ஐ.எம்.எஃப்., மத்திய அரசு அறிவித்த வேறு சில சர்வதேச அமைப்புகள் ஆகியவை சட்டப்படி ‘வெளிநாட்டு மூலம்’ (அதாவது, நிதி தரும் வெளிநாட்டவர்) அல்ல. எனவே ஐ.நா. அமைப்பே உங்களோடு ஒப்பந்தம் போட்டு நேரடியாகப் பணம் அனுப்பினால் எஃப்.சி.ஆர்.ஏ. வராது. ‘நேரடியாக’ என்பதை மறக்காதீர்கள். ஐ.நா. பணத்தை ஒரு ஜெர்மன் தொண்டு நிறுவனம் வாங்கி உங்களுக்கு அனுப்பினால், உங்களுக்குக் கொடுப்பது அந்த நிறுவனம். அது வெளிநாட்டு மூலம். பேனரில் ஐ.நா. சின்னம் இருப்பது சாட்சி ஆகாது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் யார் கையெழுத்து, வங்கிச் செய்தியில் அனுப்பியவர் பெயர் என்ன, இரண்டையும் பாருங்கள். வெளிநாட்டு அரசு நேராகக் கொடுத்தாலும், தூதரகம் வழியாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு மூலம்தான். உங்கள் விஷயத்தில் இந்த விலக்கு இல்லை.

ஒப்பந்தத்தில் திட்டத் தொடக்க நாளை அனுமதி வந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள். அந்த நாளுக்கு முந்தைய செலவை நிதியாளர் ஏற்கமாட்டார். அனுமதி தரும் உள்துறை அமைச்சகமோ உங்கள் விதைப்புக் காலத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை. நிர்வாகச் செலவுக்கு அந்த ஆண்டு வந்த தொகையில் 20 சதவீதம்தான் உச்சம். 18 லட்சம் வந்தால் 3,60,000. நிதியாளரின் ஒப்பந்தத்தில் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் உங்கள் வரம்பு. யூரோவை எந்த விகிதத்தில் ரூபாயாக்குவது, ஒரு செலவுத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை சதவீதம் கேட்காமல் மாற்றலாம் என்பதும் அதில்தான் இருக்கும். கூகுள் காட்டும் விகிதம் செல்லாது.

நீங்கள் உண்மையில் கற்க வேண்டியது பில். குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஆடு விற்பவர் பில் தரமாட்டார், மூன்று கொட்டேஷனும் கிடைக்காது. சந்தைக்குப் போகும் முன்பே நிதியாளரிடம் இதை எழுதிக் கேட்டு, மாற்று முறைக்கு மின்னஞ்சலில் சம்மதம் வாங்குங்கள். மூன்று பேர் கொண்ட கொள்முதல் குழு போகட்டும். குறைந்தது மூன்று வியாபாரிகள் சொன்ன விலையை அங்கேயே தாளில் எழுதி, குழுவினர் கையெழுத்திட வேண்டும். விற்றவர் பெயர், ஊர், கைபேசி எண், கையெழுத்து; 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப்; ஆட்டின் காது வில்லை எண், படம், பெற்றுக்கொண்ட பெண்ணின் ஒப்பம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஒரே ஆளுக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவு அடிபடும். எட்டாயிரம் ரூபாய் ஆடு இரண்டு வாங்கினாலே தாண்டிவிடும். வங்கி வழியாகக் கொடுங்கள். தேதியை மாற்றி இரண்டு வவுச்சர் போடும் வித்தை எந்த ஆடிட்டருக்கும் புதிதல்ல.

இரண்டு திட்டத்தில் வேலை செய்பவருக்கு டைம்ஷீட் (எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்ற பதிவு) மாதாமாதம் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் உட்கார்ந்து ஒரே பேனாவில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதினால் பார்த்தவுடன் தெரியும்.

வெளிநாட்டு நன்கொடைக் கணக்கைக் காட்டும் எஃப்.சி.-4 ஆண்டறிக்கைக்குக் கடைசி நாள் டிசம்பர் 31. அந்த வாரம் இணையதளம் திணறும். அக்டோபரிலேயே ஆடிட்டரிடம் கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.